டம்ப்ளிங் கடையில் உபசாரம் தேடுகிறவர்களுக்கு

சிட்னி ஆஷ்ஃபீல்டில் சீன டம்ப்ளிங், அதாவது மாவுக்குள் இறைச்சியை மடித்துச் செய்கிற பண்டம், விற்கிற கடை ஒன்றைப் பற்றி எங்கள் ஈழத் தமிழ் ஆக்களின் வாட்ஸ்அப் குழுமத்தில் போன கிழமை பெரிய வாக்குவாதம். "சாப்பாடு திறம். ஆனா மரியாதை தெரியாத சனம். கடைசி வாய் விழுங்க முதலே பில்லைக் கொண்டுவந்து வைக்கினம்" என்று ஒருவர் போட, கீழே வரிசையாக ஆமாம் விழுந்தது. அங்கே பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. குழுமத்தில் இவ்வளவு எழுதினால் ஏச்சு விழும், அதனால் இங்கே.

என் கட்சி இதுதான்: அந்தக் கடையின் அவசரத்தைக் குறையாக எண்ணுகிறவர்கள் அந்தச் சாப்பாட்டையே சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. அவசரம் போனால் அந்த விலையும் போகும், ருசியும் போகும்.

சிட்னிக்கு வெளியே இருப்பவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹோம்புஷில் ரயில் ஏறினால் நகரப் பக்கமாக நாலாவது ஸ்டேஷன் ஆஷ்ஃபீல்ட். இறங்கியதும் லிவர்பூல் ரோடு. இரண்டு பக்கமும் ஷாங்ஹாய் சாப்பாட்டுக் கடைகள். அந்தத் துண்டுக்கு "லிட்டில் ஷாங்ஹாய்" என்றே பெயர். 1989 ஜூனில் பெய்ஜிங் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டத்தைச் சீன இராணுவம் நசுக்கிய கொடுமைக்குப் பிறகு, அப்போதைய அவுஸ்திரேலியப் பிரதமர் பொப் ஹோக் கன்பராவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் கண்ணீர் விட்டுப் பேசினார். இங்கே படிக்க வந்திருந்த சீன மாணவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. குடும்பங்களையும் சேர்த்து சுமார் 42,000 பேருக்குப் பின்னாளில் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அவர்களில் ஷாங்ஹாய்க்காரர் பலர் ஆஷ்ஃபீல்டில் வேர்விட்டார்கள். இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் ஆக்கள் ஹோம்புஷ் பக்கம் வேர்விட்ட அதே காலம், அதே ரயில் பாதை. நாங்கள் மசாலாக் கடையும் கொத்து ரொட்டிக் கடையும் போட்டோம், அவர்கள் டம்ப்ளிங் கடை போட்டார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

ஷியாவ் லோங் பாவ் என்பது மூங்கில் தட்டில் ஆவியில் அவித்து வரும் சின்ன உருண்டை. ஷாங்ஹாயின் புறநகரான நன்ஷியாங்கில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பண்டம் என்பார்கள். கடித்தால் உள்ளே சூப். இந்தச் சூப் எப்படி உள்ளே போனது என்று முதல் தரம் சாப்பிடுகிற எல்லாரும் கேட்பார்கள். ஊற்றுவதில்லை. பன்றித் தோலை நெடுநேரம் காய்ச்சி, அந்தச் சாற்றைக் குளிரவைத்தால் ஜெலி மாதிரி உறைந்துவிடும். அதைப் பொடியாக நறுக்கி அரைத்த இறைச்சியோடு பிசைந்து மாவுக்குள் மடிக்கிறார்கள். ஆவி பட்டதும் ஜெலி உருகிச் சூப்பாகிவிடும். அடுப்பிலிருந்து இறங்கியதும் நேரம் ஓடத் தொடங்கும். கொஞ்சம் ஆறினால் தோல் அடித்தாளில் ஒட்டும், தூக்கும்போது கிழியும், சூப் தட்டில் ஓடும். இன்னும் ஆறினால் கொழுப்பு நாக்கில் படியும்.

கொதிதண்ணீரில் அவிக்கிற ஜியாவ்ஸி என்ற டம்ப்ளிங்குக்கும் அதே கதைதான், காரணம் மட்டும் வேறு. உப்புப் போட்ட கோவாவும் (முட்டைக்கோஸ்) இறைச்சியும் தண்ணீர் விடும். மடித்து வைத்துக் காத்திருந்தால் தோல் ஊறிக் குழைந்துவிடும். அதனால் நல்ல கடையில் ஓடர் வரவர மடித்துக்கொண்டே இருப்பார்கள், இல்லையென்றால் மடித்தவுடன் உறையவைத்துவிடுவார்கள். சனம் நிரம்பிய கடையில் எதுவும் காத்திருப்பதில்லை. வெறுமையாகக் கிடக்கும் டம்ப்ளிங் கடைக்குள் நான் போகாததற்கு அதுதான் காரணம்.

நான் சொல்லும் கடையில் முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பெண்கள் வேலை செய்வார்கள். ஒருவர் உருட்ட, இருவர் மடிக்க. உருட்டுகிறவரின் கையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உருளைக் கட்டை ஒரு சாண் நீளம்தான் இருக்கும். வலது கை அதை விளிம்பிலிருந்து நடுவுக்குத் தள்ளி இழுக்க, இடது கை மாவுத் துண்டை ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும். கட்டை நடுவைத் தாண்டாது. அதனால் விளிம்பு மெல்லிதாகவும் நடு தடிப்பாகவும் வரும். விளிம்பு மடிப்பில் இரட்டிப்பாகும், நடுப்பகுதி பாரத்தைத் தாங்கவேண்டும், அதற்காகத்தான் அந்தக் கணக்கு. அவர் கையைப் பார்த்துச் செய்வதுகூட இல்லை, பக்கத்தில் நிற்பவரோடு கதைத்துக்கொண்டே செய்கிறார்.

எங்கள் ஆக்கள் இதைப் பார்த்ததும் "கொழுக்கட்டைதானே" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாங்கள் அரிசி மாவைக் கொதிதண்ணீரில் குழைத்து, ஒட்டாமல் கையால் தட்டுகிறோம். ஜியாவ்ஸிக்குக் கோதுமை மாவு, பச்சைத் தண்ணீர். கொதிக்கிற பானைக்குள் போட்டாலும் கிழியாத இழுவை அந்தப் பச்சைத் தண்ணீர்க் குழையலில்தான் வருகிறது. மடிக்கிற வடிவம் ஒன்றாக இருக்கலாம், மாவின் குணம் முழுக்க வேறு. இதைச் சொன்னால் மனைவி சிரிப்பார், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மரியாதைப் பிரச்சினைக்கு வருகிறேன். கனடாவிலிருந்து வந்திருந்த மாமாவை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் இலக்கம் எழுதிய துண்டு தந்தார்கள், அரை மணித்தியாலம் நின்றோம், பிறகு ஏற்கனவே இரண்டு மாணவர்கள் இருந்த மேசையில் கொண்டுபோய் எங்களை இருத்தினார்கள். மாமாவுக்கு அங்கேயே முகம் மாறிவிட்டது. ஷியாவ் லோங் பாவ் வந்ததும் அவர் படம் எடுத்தார். அப்புறம் ரொறன்ரோவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு மூடியைத் திறந்து திறந்து மாமிக்குக் காட்டினார். "மாமா, ஆறப் போகுது, சாப்பிடுங்கோ" என்றேன். "பொறு தம்பி" என்றார். அந்த வழியால் போன பரிமாறும் அம்மா நின்று, தட்டைக் காட்டி, "இப்ப சாப்பிடு, சூடு" என்று ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்குச் சரியான கோபம். காசு குடுத்துச் சாப்பிட வந்தவனுக்கு ஓடர் போடுறாளே என்று. கோபத்தோடு ஒன்றைத் தூக்கினார், அடி ஒட்டிக்கொண்டு தோல் கிழிந்தது, சூப் முழுக்கத் தட்டில்.

அந்த அம்மா சிரிக்கவில்லை, உண்மை. ஆனால் அந்தச் சாப்பாடு வீணாகக்கூடாது என்ற அக்கறை அவருக்கு இருந்தது. பக்கத்து மேசையில் தேத்தண்ணிப் போச்சி வெறுமையானதைக் கேட்காமலே கவனித்து நிரப்பினவரும் அவர்தான். "எல்லாம் எப்படி இருக்கிறது?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு மூன்று தரம் வந்து கேட்கிற ரெஸ்டோரண்டுகளை விட எனக்கு இது பிடிக்கும்.

பில் முந்தி வருவதற்குச் சாதாரணக் கூட்டல் கழித்தல் போதும். நாலு பேர் மேசை, 70 டொலர் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மணியிலிருந்து ஒன்பதரை வரை நாலு மணித்தியாலம். நாற்பது நிமிடத்தில் எழும்பினால் அந்த மேசைக்கு ஆறு குடும்பம், 420 டொலர். இரண்டு மணித்தியாலம் இருந்து காணி, கலியாணம் எல்லாம் கதைத்தால் இரண்டு குடும்பம், 140 டொலர். அதே வருமானம் வரவேண்டுமென்றால் விலை மூன்று மடங்காக வேண்டும். அப்போது இதே குழுமத்தில் "கொள்ளைக்காரர்" என்று எழுதுவோம்.

விலை ஏறியதற்கும் ஒப்பாரி கேட்கிறது. ஒரு காலத்தில் 8 டொலருக்குச் சாப்பிட்ட தட்டு இப்போது 15க்கு மேல் என்று. 2025 ஜூலையில் இங்கே சட்டப்படி குறைந்தபட்ச மணிச்சம்பளம் 24.95 டொலராக ஆனது, கஷுவல் (நிரந்தரமில்லாத) ஆட்களுக்கு அதன்மேல் 25 வீதம், அதாவது 31ஐத் தாண்டியது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மூன்று பேருக்கும் அது போகவேண்டும். இத்தாலியக் கடையில் ஏழெட்டு ரவியோலிக்கு 28 டொலர் வைத்தால் வாயைத் திறக்காமல் கொடுக்கிறோம். அதுவும் மாவுக்குள் இறைச்சியை மடித்ததுதான். சீனச் சாப்பாடு என்றால் மலிவாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் எங்களுக்குச் சொல்லித்தந்தது? நம்முடைய தோசைக்கும் வெள்ளைக்காரர் இதே கணக்கைத்தான் பார்க்கிறார், அப்போது மட்டும் எங்களுக்குக் கோபம் வருகிறது.

மலிவான கடை என்றால் வேலையாட்களை ஏய்க்கிறது என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. அப்படியான கடைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் விலையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. உலகப் புகழ்பெற்ற டம்ப்ளிங் தொடர் ஒன்றின் சிட்னி, மெல்பேர்ன் கிளைகளை நடத்திய கொம்பனிக்கும் அதிகாரிகள் இருவருக்கும், வேலையாட்களுக்குக் குறைத்துச் சம்பளம் கொடுத்துப் பொய்ப் பதிவு வைத்திருந்ததற்காக, 2023இல் பெடரல் நீதிமன்றம் 40 லட்சம் டொலருக்கு மேல் தண்டம் விதித்தது. அது மலிவுக் கடையே இல்லை. அங்கே எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் பரிமாறினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நானும் குறை சொல்லுவேன். மரக்கறிச் சாப்பாட்டுக்காரருக்கு இந்தக் கடைகளில் சரியான பதில் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை விரதம் என்று "வெஜிடபிள்" தட்டு எடுத்தால் உள்ளே முட்டை இருக்கும், சில வேளை காய்ந்த இறாலும் இருக்கும். இன்னொரு கடையில் கேட்டதற்கு "இறைச்சி இல்லை, இறைச்சி இல்லை" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பாதி சாப்பிட்ட பிறகுதான் அக்கா இறாலைக் கண்டுபிடித்தா. இதற்கு அவசரம் ஒரு சாட்டு இல்லை. மெனுவில் ஒரு வரி போட்டால் போதும். நண்டுப் படம் போட்ட ஷியாவ் லோங் பாவிலும் வழக்கமாகப் பன்றி இறைச்சி இருக்கும், சூப்பும் அதன் தோலில் வந்ததுதான். பன்றி சாப்பிடாதவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். எல்லாத் தட்டுக்கும் ஒரே பானைத் தண்ணீர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை ஏழு மணிக்குப் போகாதீர்கள், ஐந்தரைக்குப் போங்கள். நாலு பேருக்கு ஒரு தட்டு ஷியாவ் லோங் பாவ், ஒரு தட்டு அவித்த ஜியாவ்ஸி, அடி முறுகப் பொரித்து மேலே எள்ளுத் தூவின ஷெங்ஜியன்பாவ் ஒன்று, அதோடு ஏதாவது கீரை, காணும். ஷியாவ் லோங் பாவைக் கரண்டியில் வைத்து ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஆவி போகவிட்டு, முதலில் சூப்பை உறிஞ்சுங்கள். கறுப்பு வினாகிரியும் இஞ்சிச் சீவலும் அதற்குப் போதும். உறைப்பு வேண்டுமென்று மிளகாய் எண்ணெயைக் கொட்டினால் சூப்பைக் கொன்றுவிடுவீர்கள். அந்த எண்ணெய் ஜியாவ்ஸிக்கு நல்லது. ஜியாவ்ஸி அவித்த தண்ணீரை ஒரு கோப்பையில் கேட்டால் காசில்லாமல் தருவார்கள், வடசீன ஆக்கள் சாப்பிட்ட பிறகு அதைத்தான் குடிப்பார்கள்.

பில் வந்ததும் கட்டிவிட்டு எழும்புங்கள். காணிக் கதை மிச்சமிருந்தால் அதே தெருவில் பபிள் டீக் கடைகள் இருக்கின்றன, அங்கே யாரும் எழுப்பமாட்டார்கள்.