சிரிஞ்சின் கோடு கடைசி பெஞ்சுக்குத் தெரியாது

நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். புரியாத பாடத்துக்கு ஐந்து நிமிட வீடியோ எடுத்துக் கொடுப்பதும் பாடம் நடத்துகிற வேலைதான். அதற்கும் டைம்டேபிளில் நேரம் ஒதுக்க வேண்டும்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் மில்லிக்கு 40 யூனிட் மருந்தும் இருக்கிறது, 100 யூனிட் மருந்தும் இருக்கிறது. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போடாதே என்று போர்டில் எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், வார்டில் போய் நின்றால் கை தடுமாறும். அதையே போனை சிரிஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்துக் காட்டி, "இதில் இருப்பது அரை மில்லி, அப்படியென்றால் 20 இல்லை, 50 யூனிட், இதைப் போட்டால் சர்க்கரை இறங்கி நோயாளியின் உயிருக்கே ஆபத்து" என்று சொன்னால் யாருக்கும் மறக்காது. அறுபது பேர் உட்காரும் வகுப்பில் அந்தச் சின்னக் கோடு முதல் வரிசைக்கு மட்டும்தானே தெரியும்?

யூடியூபில்தான் நிறைய இருக்கிறதே என்பார்கள். அமெரிக்க வீடியோக்களில் இந்த 40 யூனிட் குழப்பமே வராது, அங்கே வழக்கத்தில் இருப்பது 100 யூனிட். அதோடு பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அந்த வேக ஆங்கிலம் பிடிபடாது. தன் டீச்சர் தமிழில் விளக்கி, பரீட்சைக்கு வேண்டிய பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால் போதும். 500 மில்லி டிரிப், 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு ஏன் 42 சொட்டு என்பதை, கையைத் தூக்கிக் கேட்கக் கூச்சப்படும் பெண்ணும் ராத்திரி ஹாஸ்டலில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்வாள்.

ஆனால் ஒரு மணி நேர வகுப்பை அப்படியே பதிவு செய்து குரூப்பில் போட்டுவிட்டு டிஜிட்டல் கல்வி என்று சொல்வதை ஏற்க முடியாது. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தின் பாடங்களை வைத்து 2014-இல் வந்த ஆய்விலேயே, ஆறு நிமிடத்துக்குள் இருக்கும் வீடியோக்கள்தான் மாணவர்களின் கவனத்தை அதிகம் பிடித்திருக்கின்றன. வீடியோவால் மிச்சமாகும் வகுப்பு நேரம் ஸ்கில் லேபுக்குப் போக வேண்டும், சிரிஞ்சு அவர்கள் கையில் இருக்க வேண்டும். அப்புறம், வார்டில் நோயாளியை வைத்துப் படம் எடுக்கவே கூடாது, பொம்மை போதும்.

அடுத்து ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்தில் அமிலத்தன்மையையும் வாயுக்களையும் பார்க்கும் பரிசோதனை. பிஹெச் 7.35-இலிருந்து 7.45, கார்பன் டை ஆக்சைடு 35-45, பைகார்பனேட் 22-26 என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் மூச்சு சம்பந்தப்பட்ட (ரெஸ்பிரேட்டரி) பிரச்சினையா, வளர்சிதை மாற்றம் சம்பந்தப்பட்ட (மெட்டபாலிக்) பிரச்சினையா என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. இதைத் தமிழில் யாராவது எடுத்திருந்தால் கமெண்டில் போடுங்கள், இல்லையென்றால் சேர்ந்து எடுப்போம்.