யோகா கிட்னியைக் கழுவாது

கிட்னி வருத்தக்காரருக்கு யோகா மாஸ்டர் ஒருத்தர் வகுப்பு எடுத்த அந்த வீடியோவை எல்லாரும் பாத்திட்டியள்தானே, திரும்ப இங்க போடேல்ல. "நாப்பது நாள் யோகா செய்தால் டயாலிசிஸ் தேவையில்ல" எண்டு மாஸ்டர் சொல்ல, மண்டபமே கைதட்டினது. டயாலிசிஸ் எண்டது பழுதான கிட்னிக்குப் பதிலா இரத்தத்தைச் சுத்தமாக்கிற சிகிச்சை. மூண்டாவது வரிசையைப் பாத்தியளோ? இடது கையில பிஸ்டுலா வச்ச ஒரு அக்கா, ரண்டு உள்ளங்கையையும் நிலத்தில ஊண்டி முழுப் பாரத்தையும் அதில குடுத்து நிக்கிறா.

பிஸ்டுலா எண்டது நாடியையும் நாளத்தையும் ஒண்டாத் தைச்சு வச்சிருக்கிற இடம். மேல விரல் வச்சால் பூனை உறுமிற மாதிரி அதிரும். கிழமைக்கு ரண்டு மூண்டு தரம், டயாலிசிஸுக்கு நாலு மணித்தியாலம் அதிலதான் ஊசி ஏறும். அந்தக் கையில பிரஷர்கூடப் பாக்கிறேல்ல. பாரம் குடுத்தால், இறுக்கினால் உள்ளுக்க இரத்தம் கட்டி அடைபடலாம். பிறகு திரும்பவும் வெட்டுத்தான். அதுக்கு நாப்பது நாள் தேவையில்ல.

யோகா கிட்னியைக் கழுவாது. நல்ல கிட்னி ரண்டும் ஒரு நாளைக்கு இரத்தத்தில இருந்து 180 லீட்டர் அளவு நீரை வடிக்கும். நாள்பட்ட வருத்தத்தில செத்த வடிகட்டி, எந்த ஆசனத்துக்கும் திரும்ப முளைக்காது. யோகா செய்யிறது வேற வேலை: பிரஷரைக் கொஞ்சம் இறக்கும், நித்திரையைத் தரும். கிட்னியைக் கூடுதலாத் தின்னுறது பிரஷரும் சீனி வருத்தமும்தான், அதால இது சின்ன விசயமில்ல. ஆனா கழுவாது.

"நீர் யோகாவுக்கு எதிரியோ?" எண்டு கேக்கப் போறியள். எதிரி எண்டால் இதை ஏன் எழுதிறன்? பிளாஸ்டிக் கதிரையில நிமிர்ந்து இருங்கோ. நாலு எண்ணி மூச்சை எடுத்து, ஆறு எண்ணி விடுங்கோ, பத்துத் தரம். அடக்கி வைக்க வேண்டாம். பிரஷர்காரருக்கு மூச்சடக்கிறதும் கபாலபாதியும் (மூச்சை வேகமா வெளிய தள்ளிற பயிற்சி) தலைகீழா நிக்கிறதும் கூடாது. பிறகு பாயில படுத்து, முழங்காலை மடிச்சு, நாரியை நாலு விரல் உயரம் தூக்கி மூண்டு மூச்சு, அஞ்சு தரம். வயித்தில டயாலிசிஸ் குழாய் வச்சவை இதை விடுங்கோ, குப்புறப் படுக்கவும் வேண்டாம். படுத்தால் மூச்சு முட்டுறவை கதிரையோட நிப்பாட்டி, கிளினிக்கில சொல்லுங்கோ. உடம்பில தண்ணி தேங்கியிருக்கலாம். டயாலிசிஸ் நாளில ஒண்டும் வேண்டாம், பிரஷர் இறங்கியிருக்கும். மற்ற நாளிலயும் சரிஞ்சு எழும்பி ஒரு நிமிசம் இருந்திட்டுத்தான் நிக்க வேணும்.

மாஸ்டர் காலமை வெறும் வயித்தில ரண்டு லீட்டர் தண்ணியும் குடிக்கச் சொன்னவர். வயலில வேர்க்க நிக்கிறவனுக்குத் தண்ணி வேணும்தான். டயாலிசிஸ்காரருக்குப் பொதுவா முந்தின நாள் போன சலத்தின்ர அளவும் அதோட அரை லீட்டரும்தான். மிச்சம் நெஞ்சுக்குள்ள போய் நிக்கும்.

"அவர் காசு வாங்கேல்லையே." சரி, வாங்கேல்ல. வாங்காட்டில் பிழை சரியாகுமோ? "எங்கட தாத்தாமார் கிளினிக்குக்கே போனவை?" போகேல்ல. கன பேர் என்ன வருத்தமெண்டே தெரியாமல் செத்துப் போச்சினம், அதையும் சொல்லுங்கோவன்.

என்னை மருந்துக் கொம்பனி ஆள் எண்டு எழுதினவருக்கு ஒண்டு. வன்னியில யோகா கிட்னியைக் காப்பாத்தக்கூடிய ஒரு வழி இருக்கு, அதை அந்த மேடையில ஒருத்தரும் சொல்லேல்ல. நாள் முழுக்க குனிஞ்சு களை பிடுங்கினவைக்கு நாரி நோ. கடையில டைகுளோபினக் எண்ட நோக் குளிசை ரண்டு, அடுத்த நாளும் ரண்டு, மாசக் கணக்கில. அந்தக் குளிசை கிட்னிக்குப் போற இரத்தத்தையே குறைக்கும். வேர்த்துக் காஞ்ச உடம்பில இன்னும் மோசம். மேல சொன்ன நாரிப் பயிற்சியை இரவில பத்து நிமிசம் செய்து கிழமைக்கு நாலு குளிசை குறைஞ்சாலே பெரிய காரியம். மருந்துக் கொம்பனிக்காரன் இதைச் சொல்லுவானோ?

அந்த அக்காவைத் தெரிஞ்ச ஆரும் இதை வாசிச்சால், கையைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. அதிர்வு இல்லையெண்டால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரைக்கும் இருக்க வேண்டாம், இண்டைக்கே ஆஸ்பத்திரி.