ஆணி அடிக்க விடாத வீடு

லினக்ஸ் கணினியில் ஜன்னல், மெனு, பட்டை எல்லாவற்றையும் காட்டும் திரைச்சூழல்களில் க்னோம் ஒன்று, கேடிஈயின் பிளாஸ்மா இன்னொன்று. நான் க்னோமை விட்டு பிளாஸ்மாவுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. "என்ன, கட்சி மாறிட்டியா?" என்று லினக்ஸ் நண்பர்கள் உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்சி என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1996-ல் கேடிஈ தொடங்கியபோது அது நம்பியிருந்த க்யூடி என்ற நிரல் நூலகத்தின் உரிமம் முழுச் சுதந்திரமாக இல்லை. அந்தக் கோபத்தில் மறு வருடமே தொடங்கப்பட்டதுதான் க்னோம். உரிமத் தகராறு எப்போதோ தீர்ந்துவிட்டது, பங்காளிச் சண்டை மட்டும் ஓயவில்லை.

க்னோம் மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். எழுத உட்கார்ந்தால் கண்ணை உறுத்தாத திரை. டச்பேடில் மூன்று விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும் பணியிடங்கள். இதில் இன்றும் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் அது கறாரான ஓனரின் வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

2011-ல் க்னோம் 3 வந்தபோது மினிமைஸ் பட்டனையே தூக்கினார்கள். லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஈ என்ற வேறொரு திரைச்சூழலுக்குப் போனார் (பிறகு திரும்பி வந்துவிட்டார், அது தனிக்கதை). 2017-ல் ஓடும் செயலிகளின் குட்டி ஐகான்கள் நிற்கும் மூலை டிரே போனது. அடுத்த வருடம் டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்கும் வசதி. கேட்டால், வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் (வசதி சேர்க்கும் துணை நிரல்) போட்டுக்கொள் என்பார்கள். சரி என்று போட்டுக்கொண்டேன். டிரேவுக்கு ஒன்று, கீழ்ப்பட்டைக்கு ஒன்று, காப்பி செய்ததையெல்லாம் நினைவு வைத்துக்கொள்ள ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும், ஏதாவது ஒன்று படுத்துவிடும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45-ல் எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையே மாறியதால் பழையது ஒன்றுகூட அப்படியே ஓடாது. எழுதியவர்கள் ஒவ்வொருவரும் உட்கார்ந்து திருத்த வேண்டும். அவர்களும் சம்பளம் இல்லாமல் செய்கிறவர்கள், யாரைக் குறை சொல்வது? அன்றைக்கே மனசு விட்டுப்போனது. மாறத்தான் இத்தனை நாள் ஆனது.

மாறியதும் முதல் அடி தமிழில் விழுந்தது. நாள் முழுக்கத் தமிழ்99 விசையமைப்பில் அடிப்பவன் நான். க்னோமில் செட்டிங்ஸுக்குள் போய் விசைப்பலகையைச் சேர்த்தால் வேலை முடிந்தது. இங்கே 'அம்மா' என்று அடித்தால் ஏ, கே, கே, க்யூ என்று ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. பிற மொழிகளில் அடிக்க உதவும் எஃப்சிடிக்ஸ்5 போட்டேன், அதற்கு விசையமைப்புகள் தரும் எம்17என் போட்டேன், தமிழ்99-ஐச் சேர்த்தேன். ஒரு செயலியில் தமிழ் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. ராத்திரி பதினொன்றரைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. வேலண்ட் என்ற புதிய காட்சி முறையில் ஓடும் பிளாஸ்மாவில் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்றொரு பக்கம் இருக்கிறது. அதற்குள் போய் எஃப்சிடிக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். தொடுதிரையில் விரலால் தட்டுவதற்கான பக்கம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்! லாக் அவுட் செய்து திரும்பி வந்து அம்மா என்று அடித்தேன். வந்தாள்.

இன்னொரு தவறும் செய்தேன். பழைய பயனர் கணக்கிலேயே இரண்டையும் வைத்துக்கொண்டதில் தீம் குழம்பி, மெனுவில் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தன. மாறுகிறவர்கள் தயவுசெய்து புதுக் கணக்கு ஒன்று திறந்து பாருங்கள்.

அப்புறம் பழகிவிட்டது. கோப்புகளைப் பார்க்கும் டால்ஃபின் செயலியில் எஃப்3 தட்டினால் ஜன்னல் இரண்டாகப் பிரிகிறது, எஃப்4 தட்டினால் அந்தக் கோப்புறையிலேயே கட்டளை அடிக்கும் டெர்மினல் திறக்கிறது. விண்டோஸ் விசையோடு வி அடித்தால் காலையிலிருந்து காப்பி செய்ததெல்லாம் வரிசையாக நிற்கிறது. எதற்கும் எக்ஸ்டென்ஷன் தேடவில்லை. ஒற்றைச் சொடுக்கில் கோப்பு திறந்துகொள்ளும் பழைய எரிச்சலும் 2024-ல் வந்த பிளாஸ்மா 6-ல் இல்லை, இரட்டைச் சொடுக்குதான் இயல்பு.

இங்கே ஆணி அடிக்கலாம். அதுதான் பிரச்சினையும். முதல் வாரம் பட்டையை மேலே கொண்டுபோய், கீழே கொண்டுவந்து, கடிகாரத்தின் எழுத்துருவை மாற்றி, நிழலின் அளவைக் குறைத்து, ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. எழுத வேண்டிய கட்டுரை அப்படியே கிடந்தது. க்னோமில் இருந்திருந்தால் முடித்திருப்பேன், மறுக்கவில்லை.

அப்பாவின் லாப்டாப்பில் க்னோமையே விட்டுவைத்திருக்கிறேன். நேற்று என் திரையை எட்டிப் பார்த்தவர், "கடிகாரம் ஏன்டா இந்த ஓரத்துல இருக்கு?" என்றார். பதில் சொல்லிக்கொண்டே அதை நடுவில் நகர்த்தினேன்.