தைப்பூசத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்

(திண்டுக்கல்லில் ஆடி மாதத்து விடியற்காலை. தைப்பூசப் பாதயாத்திரைக்கான பயிற்சி நடை. ஆண்டுதோறும் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் சித்தி முன்னே நடக்க, 102 கிலோ எடையுள்ள குமரேசன் பின்னே வருகிறார்.)

குமரேசன்: சித்தி, பையனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் நான் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டவள் என் மனைவி, இடம் கிடைத்தது என் பையனுக்கு, இவர்கள் இருவருக்கும் நடுவில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நடக்கும்படியாக நான் செய்த குற்றம் என்ன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சித்தி: அது முருகனிடம் கேட்க வேண்டிய கேள்வி, தம்பி. ஆனால் இவ்வளவு நீளமான வாக்கியத்தை நடந்துகொண்டே சொல்லி முடித்தாய் அல்லவா, ஆகவே உன் வேகம் சரியாகத்தான் இருக்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. புதிதாக நடப்பவர்களுக்கு அதுதான் அளவு. உனக்குப் பேச்சு என்றாலே புலம்பல்தானே?

குமரேசன்: நான் புலம்புவதை நிறுத்திவிட்டால்?

சித்தி: மூச்சு வாங்குகிறது என்று நினைத்து வேகத்தைக் குறைப்பேன். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ மட்டும் உடனே உட்கார்ந்துவிடு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவனாயிற்றே, மருத்துவரைக் கேட்டாயா?

குமரேசன்: நடக்கக் கூடாது என்று எழுதித் தருவார் என்ற நம்பிக்கையோடுதான் போனேன். அவரோ எழுந்து நின்று கைகுலுக்கினார். மயக்கமாக வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்கவும் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் எனக்கு இனிப்பு எழுதிக்கொடுத்தது இதுவே முதல் முறை.

சித்தி: நல்லது. இந்த வாரம் நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

குமரேசன்: பதினைந்து நிமிடமா? மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ரெட்டியார்சத்திரம் வரை போய்விட்டு வந்தால் என்ன?

சித்தி: போய்விடுவாய், வருவதற்குத்தான் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும், ஆனால் குதிகாலும் முழங்காலும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். தெம்பு வந்துவிட்டது என்று மூச்சு சொல்வதை நம்பி ஓடியவர்கள்தான் குதிகாலைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுவோம், நடுவில் ஒரு வாரம் குறைத்துக்கொள்வோம். ஐப்பசியில் ஒரு மணி நேரம், மார்கழியில் ஞாயிறுதோறும் நீண்ட நடை.

குமரேசன்: எடை குறையாமல் நடந்தால் முழங்கால் என்ன ஆகும்?

சித்தி: நீ ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

குமரேசன்: இவ்வளவு லாபமான கணக்கை வங்கியில்கூட எனக்கு யாரும் சொன்னதில்லை! இதைக் கொண்டாட, அந்த முக்குக் கடையில் இரண்டு மெதுவடை...

சித்தி: ஒரு மணி நேரம் வியர்க்க நடந்து நீ கரைப்பதை, அந்த இரண்டு வடையும் சீனி தூக்கலாகப் போட்ட ஒரு காப்பியும் பத்தே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்.

குமரேசன்: போகட்டும், தைப்பூசத்தில் வழியெல்லாம் அன்னதானம் உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி: ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் பொங்கல், புளியோதரை, சுண்டல் என்று ஒரு பந்தலையும் விடாமல் உண்டு, பாதயாத்திரை போய் எடை கூடித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அதிருக்கட்டும், இந்தச் செருப்பை எங்கே பிடித்தாய்?

குமரேசன்: இது பையன் போட்டுக் கழித்தது. யாத்திரைக்கு முதல் நாள் புதிதாக ஷூ வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

சித்தி: முதல் நாள் வாங்கினால் முதல் மைலிலேயே கொப்புளம்தான். இன்றே வாங்கு, அதுவும் மாலையில் போய் வாங்கு. நாள் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு எடுத்தால்தான் விரலுக்கு இடமிருக்கும். நடக்கும்போது காலில் ஓரிடம் சுருக்கென்று சுட்டால், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டு. தொடை உரசுமிடத்தில் வாஸ்லினைத் தாராளமாகத் தடவிக்கொள்.

குமரேசன்: சித்தி, அதை நடுத்தெருவில் இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டுமா?

சித்தி: தொடை உரசி நீ கால்களை அகட்டி வைத்து நடக்கும்போது, நான் சொல்லாமலே ஊர் முழுவதும் தெரிந்துகொள்ளும். 60 கிலோமீட்டரோடு முடிந்தது என்றும் எண்ணாதே. அதற்குமேல் மலையில் 693 படிகள் இருக்கின்றன. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும்.

குமரேசன்: அதற்கென்று வின்ச் இருக்கிறதே, அதில் உட்கார்ந்து போய்விடுகிறேன்!

சித்தி: தாராளமாகப் போ. ஆனால் தைப்பூசக் கூட்டத்தில் வின்ச்சுக்காக வரிசையில் நிற்பதற்கு, நடப்பதற்கு எடுப்பதைவிட அதிகப் பயிற்சி எடுக்க வேண்டும்.

குமரேசன்: அந்தப் பயிற்சியை முதலில் தொடங்கிவிடலாம், சித்தி. வடைக் கடையில் வரிசை நீளமாகத்தான் இருக்கிறது.