மூலம் எது என்று கேட்டவன் கைக்கூலியா?

சனிக்கிழமை இரவு எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தேர்தல் வேட்பாளர் ஒருவரின் குரல் என்று ஓர் ஒலிப்பதிவு வந்ததையும் அதன்பின் நடந்ததையும் இங்குள்ள பாதிப் பேர் ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்துவிட்டீர்கள். ஆகவே அந்த ஒலிப்பதிவில் என்ன இருந்தது என்று எழுதி அதற்கு நானும் ஒரு சுற்று விளம்பரம் தரப்போவதில்லை. வேட்பாளரின் குரல் என்று சொல்லப்பட்ட அது முதலில் எங்கிருந்து வந்தது என்று மட்டுமே கேட்டேன். கிடைத்த பதில், "வெளிநாட்டுக் கைக்கூலி."

தேர்தல்களில் வெளிநாட்டுத் தலையீடு கற்பனை என்று நான் எங்கும் சொல்லவில்லை. அது உண்மை என்பதால்தான் மூலம் எது என்று கேட்டேன். 2016 மே மாதம், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இயங்கிய ஒரு நிறுவனம் நடத்திய இரண்டு முகநூல் பக்கங்கள், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன் ஒரே நாளில் எதிரும் புதிருமாக இரு கூட்டங்களுக்கு அழைப்பு விடுத்தன. சாலையின் இருபுறமும் நின்று கத்தியவர்கள் ரஷ்யர்கள் அல்லர். அவர்களை அழைத்தது யார் என்று அன்று அறியாத அமெரிக்கர்கள். வெளியாள் தன் சண்டையைக் கொண்டுவருவதில்லை, நம்முடையதையே எடுத்துக்கொள்கிறான். 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் ஒரு கட்சித் தலைவரின் குரலில் போலி ஒலிப்பதிவு பரவியதும் வாக்குப்பதிவுக்கு முந்தைய, பிரசாரம் ஓய்ந்த நேரத்தில்தான். நமக்கும் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் அப்படிப்பட்டதே. அந்நேரத்தில் மூலம் கேட்பது குற்றமா?

"ருமேனியாவைப் போல இங்கும் தேர்தலையே ரத்து செய்யச் சொல்வாயா?" என்கிறார்கள். வெளிநாட்டுத் தலையீட்டுப் புகாரை அடுத்து 2024 டிசம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதிபர் தேர்தலின் முதல் சுற்றை ரத்து செய்தது எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. மக்கள் போட்ட வாக்கைத் தள்ளுவது சிறிய விஷயமன்று. ஆனால் அங்கே உளவுத் துறை ஆவணங்கள் வெளியிடப்பட்டன, நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2025 மே மாதம் மக்கள் மீண்டும் வாக்களித்தார்கள். இங்கே இரவு பதினொரு மணிக்கு அட்மினே ஆவணமாகவும் நீதிமன்றமாகவும் ஆகிவிட்டார்.

"அமெரிக்கா செய்யாததா?" செய்திருக்கிறது. தன் நாட்டில் வெளிநாடுகளின் தலையீட்டை விசாரித்த கனடாவின் ஆணையம் 2025 ஜனவரியில் தலையிட்ட நாடுகளில் நம் நாட்டின் பெயரையும் எழுதியது, நம் அரசு மறுத்தது. அதனால் நான் கேட்ட கேள்வி எப்படித் தவறாகும்?

எல்லாவற்றுக்கும் அந்நியச் சதி வேண்டியதுமில்லை. 2015 மழையில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தியை, பண்ணை மறுத்த பிறகும், என் சித்தி உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பினார். அவரை எந்த வல்லரசும் நியமிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

எனக்குப் பட்டம் சூட்டிய மூன்றாம் மாடி சாரின் மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அவரோடு வீடியோவில் பேச சாருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அன்று "தம்பி", இன்று "கைக்கூலி". கடவுச்சீட்டுகூட எடுக்காத எனக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள் காவல் துறையில் புகார் கொடுக்கலாம். பாஸ்புத்தகத்தோடு நானே வருகிறேன். மாதக் கடைசியில் அதிலிருக்கும் தொகையைப் பார்த்து ஆய்வாளர் சிரிக்காமல் இருந்தால் சரி.