விடுதலைப் பத்திரம்

போன வாரம் ஒரு கோயில் மண்டபத்தில் சொற்பொழிவு கேட்டேன். கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள், எல்லாம் அவன் செயல் என்று விட்டுவிடுங்கள், மனம் சாந்தமாகிவிடும் என்றார் பேசியவர். நான் நாலு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார்கள். சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அரைக் கோட்டை விதைப்பாடு நஞ்சை, அவர்களே சம்பாதித்து வாங்கியது. பதினாறு முடிந்த மறுவாரம் அண்ணன், என் பங்கு வேண்டாமென்று நான் எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். மதினி ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் சொன்னாள்: "சொத்து என்னட்டி சொத்து, மனசு நிம்மதிதான் பெருசு. பற்றை விடுன்னுதான கீதைல சொல்லிருக்கு?"

பத்திரத்தை நீட்டுகிறவனிடம் மட்டும் யாரும் பற்றை விடச் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் யாருக்குப் பேச வாய் கம்மியோ அவர்களுக்குத்தான் எப்போதும் கீதை. உயில் இல்லாத அப்பாவின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-லிருந்தே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அது அத்தைக்குத் தெரியாது. எனக்கே வக்கீல் சொல்லித்தான் தெரியும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் தூக்கம் போயிற்று. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, அண்ணனிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் சுவரிடம் கேட்பேன். பிரஷர் மாத்திரை ஒன்று ரெண்டாயிற்று. சரி, அத்தை சொன்ன கீதையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எடுத்தேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் 62, 63-ஆம் சுலோகங்கள். ஒன்றையே நினைத்து நினைத்துப் பற்று வருகிறது, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், அப்புறம் நினைவு தடுமாறி, புத்தி கெட்டு, ஆளே அழிகிறான். இதில் கோபம் நடுவில்தான் வருகிறது. பத்து எண்ணச் சொல்கிறவர்கள் நடுவில் போய் அணை கட்டுகிறார்கள். தண்ணீர் மேலே எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு எதில் பற்று? வயலில் இல்லை. எனக்கு நாற்று நடவும் தெரியாது. பிசான நெல் அறுத்ததும் அப்பா ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து என் வீட்டு நடையில் இறக்கிவைப்பார்கள். மூட்டையின் மேல் கரியால் என் பெயர் எழுதியிருக்கும், எழுத்துப் பிழையோடு. அந்த மூட்டை நின்றதுதான் எனக்கு எரிந்தது. இதைக் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆயிற்று.

பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஒரு வழி இருக்கிறது: கெட்ட எண்ணம் வந்து படுத்தினால் அதற்கு எதிரான எண்ணத்தை வரவழைத்துக்கொள். அண்ணன் என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதை நினைத்துப் பார்த்தேன். அந்த அண்ணனா இப்படி என்று கோபம் இன்னும் கூடிப்போயிற்று. அந்த வைத்தியம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஒத்துக்கொண்டது எங்கள் ஆச்சியின் செம்பு. வெள்ளிக்கிழமைதோறும் பூசைச் செம்பைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். விரல் இடுக்கெல்லாம் புளி எரியும். "போன வாரந்தான தேச்சோம்?" என்று கேட்டால், "ஏட்டி, களிம்பு வெளியிலிருந்தா வருது? செம்போடயே பொறந்தது" என்பாள். உயிரோடேயே ஒட்டியிருக்கும் 'நான்' என்ற அழுக்கு, அந்த ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையும் இதே செம்பும் களிம்பும்தான். அந்தச் சித்தாந்தத்துக்கு மாபாடியம் என்ற பெரிய உரை எழுதிய சிவஞான முனிவர் பிறந்த விக்கிரமசிங்கபுரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆச்சி மாபாடியம் படித்தவள் இல்லை. கோபம் வந்துவிட்டதே, நாமெல்லாம் என்ன பக்தி பண்ணி என்ன என்று நான் என்னையே திட்டிக்கொண்டது அந்தச் செம்பை நினைத்த பிறகுதான் குறைந்தது. வரத்தான் செய்யும். வெள்ளிக்கிழமை தேய்க்க வேண்டியதுதான்.

மார்கழியில் பக்கத்து வீட்டு அக்காவோடு ஆழ்வார்திருநகரி போயிருந்தேன். நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளி என்ற புளியமரம் அங்கேதான். (ஆச்சி புளி, ஆழ்வார் புளி என்று அக்கா கேலி செய்தாள்.) அங்கே அக்கா சொன்ன பாசுரம்: "நீர்நுமது என்றிவை வேர்முதல் மாய்த்து இறை சேர்மின்." நான், எனது என்பதைத்தான் வேரோடு எடுக்கச் சொல்கிறார். அதை "நீர், நுமது" என்று ஏன் சொன்னார் என்பதற்கு உரைகாரர்கள் ஒரு காரணம் தருகிறார்கள்: நான், எனது என்று தம் வாயால் சொன்னால் நாக்கு வெந்துபோகும் என்று அஞ்சினாராம். இதே பதிகத்தின் முதல் பாசுரம் "வீடுமின் முற்றவும்". எல்லாவற்றையும் விடு. கேட்டதும் எனக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. அதுவும் விடுதலை, இதுவும் விடுதலை.

அப்படியென்றால் அத்தை சொன்னது சரிதானா? பல நாள் இதில் குழம்பினேன். பதில் கீதையின் மூன்றாம் அத்தியாயம் முப்பதாம் சுலோகத்தில் கிடைத்தது. ஆசையை விடு, எனது என்பதை விடு, காய்ச்சல் தணிந்து போர் செய் என்கிறான் கண்ணன். 'விகதஜ்வர' என்பது அங்கே வரும் சொல். ஜுரம் விட்டவன். வில்லைக் கீழே போட்டு உட்கார்ந்தவனை எழுப்பிவிடத்தானே அவ்வளவு பேச்சும்? அத்தை முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். முதலில் எழுதச் சொன்னதில் அண்ணனை வைதிருந்த வரிகள் மூன்று. அடித்துவிட்டு, சர்வே எண்ணையும் அளவையும் மட்டும் வைக்கச் சொன்னேன். வக்கீலுக்கே ஆச்சரியம். இப்போது ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பது வாரத்தில் ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் பழையபடிதான்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், மறுவீட்டுச் சாப்பாடு சொதி. அண்ணன் பரிமாறும் வரிசையில் இஞ்சிப் பச்சடி வாளியோடு வந்தான். வாய்தா அடுத்த வாரம். என் இலைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். "ஒனக்கு ரெண்டு கரண்டில்லா வேணும்" என்றான். வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.