நோட்டில் எழுதி வைப்பது அவ்வளவு ஆபத்தா?
'பாஸ்வேர்டை ஒருபோதும் தாளில் எழுதாதீர்கள்' என்று பாஸ்வேர்ட் பாதுகாப்பு பற்றி இங்கே வந்த கட்டுரை சொல்வது அலுவலக மேசைக்குச் சரி, மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்து வீடுகளுக்குச் சரிவராது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். சேமநிதி, வங்கி, மின்கட்டணம் என்று ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கேட்கிறார்கள். கடைக் கடன் எழுதுகிற அதே சின்ன 555 நோட்டில்தான் எல்லாவற்றையும் எழுதி, அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். வங்கிக்குரியதில் மட்டும் கடைசி நாலு எழுத்து இருக்காது, அது அவர் மனதில். இதைத் திருட ஒருவன் நாயைத் தாண்டி அடுப்படி வரை வர வேண்டும். மாறாக, நினைவில் நிற்கட்டும் என்று எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டால், ஒரு தளத்தில் கசிந்தாலே போதும், திருடன் எந்த நாட்டில் உட்கார்ந்தும் மற்றதைத் திறந்துவிடுவான். பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையரே 2005-இல், கடினமான பாஸ்வேர்டாக வைத்து, எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், 'எல்லாப் பாஸ்வேர்டையும் சேமித்து வைக்கிற பாஸ்வேர்ட் மேனேஜர் செயலி இருக்கிறதே' என்கிறார். இருக்கிறது, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அதைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டை மறந்தால் பல செயலிகளில் அந்த நிறுவனமே மீட்டுத் தர முடியாது. அதையும் எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும்? அப்புறம், எனக்குத் தெரிந்து இங்கே பணத்தைப் பறிகொடுத்தவர்கள் யாரும் நோட்டைத் தொலைத்தவர்கள் இல்லை. போலீஸ் என்று போனில் பேசியவனிடம், பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் ரகசிய எண்ணான டேக் (TAC) எண்ணைச் சொன்னவர்கள். அதற்குக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பணம் போனதும் மோசடிப் புகாருக்கு இங்கே உடனே அழைக்க வேண்டிய 997 எண்ணையாவது போட்டிருக்கலாம்.